‘டி’ விடை எங்கிருந்து வந்தது? இயற்பியல் எம்சிகியூ பயிற்சிக்கு ஓர் எளிய விளக்கம்

“தம்பி, இவ ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் எம்சிகியூ போடுறா. ஒரு நாளைக்கு எம்பது, தொண்ணூறு. மார்க் மட்டும் நாப்பதுக்கு இருபத்தேழைத் தாண்ட மாட்டேங்குது.”

இங்கே சிங்கப்பூரில், பக்கத்து புளோக்கில் குடியிருக்கும் அக்கா இப்படிச் சொன்னபோது, உயர்நிலை 4 படிக்கும் அவர் மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கையில் கடந்த ஆண்டுகளின் வினாத்தாள் தொகுப்பு, நம் பிள்ளைகள் ‘டென் இயர் சீரிஸ்’ என்று சொல்லும் தடித்த புத்தகம். பாதிக்கு மேல் முடித்திருந்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் சரி, தவறு. தவறான இடங்களில் சரியான எழுத்தை வட்டமிட்டிருந்தாள், அவ்வளவுதான்.

கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் இந்த எம்சிகியூ, அதாவது தெரிவுவிடைப் பயிற்சியைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. “நிறைய போடு, தானா வரும்” என்பது ஒன்று. “தெரியாட்டி சி போடு, நீளமான விடைதான் சரியா இருக்கும்” என்பது போன்ற குறுக்குவழிகள் மற்றொன்று. இரண்டாலும் பிள்ளைகள் வீணாக அலைக்கழிகிறார்கள். சாதாரண நிலைத் தேர்வுக்கும் (ஓ லெவல்), தொடக்கக் கல்லூரி மேல்நிலைத் தேர்வுக்கும் (ஏ லெவல்), இங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் படித்துவிட்டு இந்தியாவின் மருத்துவ, பொறியியல் நுழைவுத் தேர்வுகளான நீட், ஜேஇஇ எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும். ஆகவே அடியிலிருந்து தொடங்குகிறேன்.

வாகனமோட்டும் தேர்வு போன்றதா?

நம்மில் பலரும் எழுதிய தெரிவுவிடைத் தேர்வு ஒன்று உண்டு. ஓட்டுநர் உரிமத்துக்கான அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு. 50 கேள்விகள், 45 சரியாக இருந்தால் தேர்ச்சி. அதற்கு எப்படிப் படித்தோம்? பயிற்சிக் கேள்விகளைத் திரும்பத் திரும்பப் போட்டோம். சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைக் கோடு இருந்தால் நுழையக்கூடாது. அந்தப் பலகையின் பொருள் இன்றும் அதுதான், நாளையும் அதுதான். பழகப் பழகப் பார்த்தவுடன் விடை வரும்.

இயற்பியல் வினாவை இதே முறையில் அணுகுவதுதான் முதல் தவறு. அங்கே ஒரே ஒரு சொல் மாறினாலும் விடை தலைகீழாகும். ‘வேகம் குறைகிறது’ என்பதை ‘வேகம் கூடுகிறது’ என்று மாற்றினால் 400 என்ற விடை 600 ஆகிவிடலாம். படம் அதே, எண்கள் அதே. மனத்தில் பதிந்திருக்கும் பழைய விடை அப்போது உதவாது. கெடுக்கவும் செய்யும்.

ஒரே ஒரு கேள்வியைப் பிரித்துப் பார்ப்போம்

அந்தப் பெண் தவறவிட்ட கேள்விகளில் ஒன்றை எளிதாக்கித் தருகிறேன். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

50 கிலோ நிறையுள்ள மாணவி மின்தூக்கிக்குள் எடைக்கருவியின் மேல் நிற்கிறாள். மின்தூக்கி மேல்நோக்கிச் செல்கிறது. நிற்க வேண்டிய மாடி நெருங்குவதால் அதன் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 2 மீட்டர் வீதம் குறைகிறது. எடைக்கருவி அவளை மேல்நோக்கித் தள்ளும் விசை எவ்வளவு?

ஏ. 100 நியூட்டன்
பி. 400 நியூட்டன்
சி. 500 நியூட்டன்
டி. 600 நியூட்டன்

அவள் போட்டது டி. “ஏன்?” என்று கேட்டேன். “மேல போகுதில்ல மாமா, அப்ப கூடத்தானே செய்யும்” என்றாள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். முடுக்கம் என்றால் வேகம் மாறும் வீதம். வேகம் எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது ஒரு செய்தி. அது எந்தப் பக்கமாக மாறிக்கொண்டிருக்கிறது என்பது வேறு செய்தி. மேலே செல்லும் பொருளின் வேகம் குறைந்தால், முடுக்கம் கீழ்நோக்கி இருக்கிறது. மாணவியின் மீது இரண்டு விசைகள் உண்டு: பூமி கீழே இழுக்கும் 500 நியூட்டன், கருவி மேலே தள்ளும் ஏதோ ஒரு விசை. எல்லா விசைகளையும் கூட்டிக் கழித்தபின் மிஞ்சுவதைத் தொகுபயன் விசை என்கிறோம். நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் அது கிடைக்கும்: 50 பெருக்கல் 2, 100 நியூட்டன், கீழ்நோக்கி. கீழே 500, மேலே எவ்வளவு இருந்தால் கீழ்நோக்கி 100 மிஞ்சும்? 400. விடை பி.

கணக்கு இத்தோடு முடிந்தது. ஆனால் இந்தக் கேள்வியில் நான் அதிக நேரம் செலவிடுவது மற்ற மூன்று எண்களின் மீதுதான். அவை ஏனோதானோவென்று வந்தவை அல்ல. 100 என்பது தொகுபயன் விசையைக் கண்டுபிடித்துவிட்டு, அதுவே விடை என்று பாதி வழியில் நின்றவருக்கானது. 500 என்பது ‘எடை எப்போதும் ஒன்றுதானே’ என்று நினைப்பவருக்கானது. 600 என்பது, மேலே செல்கிறது என்றால் முடுக்கமும் மேலேதான் என்று எடுத்துக்கொள்பவருக்கானது. ஒவ்வொரு தவறான விடைக்குப் பின்னாலும் ஒரு தவறான எண்ணம் உட்கார்ந்திருக்கிறது.

இப்படித் திட்டமிட்டு வைக்கப்படும் தவறான தெரிவுக்குத் திசைதிருப்பி என்று பெயர். பள்ளியில் ‘டிஸ்டிராக்டர்’ என்பார்கள்.

எடைக்கருவியோடு மின்தூக்கியில்

சொன்னால் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அவர்கள் வீட்டில் ஊசி காட்டும் பழைய எடைக்கருவி ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். அவள் மேலே ஏறி நின்றாள், நான் 12-ஆவது மாடிக்கான பொத்தானை அழுத்தினேன். மின்தூக்கி கிளம்பியபோது ஊசி மேலே துள்ளியது. நான்கைந்து மாடிகள் கடந்ததும் அவளுடைய வழக்கமான எடைக்கே வந்து அசையாமல் நின்றது. அப்போதும் நாங்கள் வேகமாக மேலே போய்க்கொண்டுதான் இருந்தோம். 12-ஆம் மாடி நெருங்கியதும் ஊசி சரேலென்று இறங்கி, கதவு திறக்கும் முன் பழைய இடத்துக்கு ஏறியது.

“மேலதான் மாமா போறோம். ஆனா குறையுது!”

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி மின்தூக்கியின் முடுக்கம் கேள்வியில் வருவதுபோல 2 அல்ல, அதைவிடக் குறைவு. ஆகையால் ஊசியும் சிறிதளவே அசையும். அதுவே போதுமானதாக இருந்தது. எண் காட்டும் கருவிகளில் பல, அளவு நிலைபெற்றபின்தான் காட்டும். ஊசி வைத்த கருவியாக இருந்தால் நல்லது. (கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், அண்டை வீட்டாருக்கு இடைஞ்சல் வேண்டாம்.)

அன்றைக்கு அவள் 80 கேள்விகள் போடவில்லை, ஒன்றே ஒன்றுதான். ஆனால் இயக்கத்தின் திசையும் முடுக்கத்தின் திசையும் வேறு வேறு என்பதைத் தன் காலடியில் உணர்ந்தாள். மேலே எறிந்த பந்து, பிரேக் போடும் எம்ஆர்டி ரயில், பாராசூட் என்று அந்தப் புத்தகத்தில் அதே குழப்பத்தால் தவறவிட்ட இன்னும் ஏழு கேள்விகளை அவளே தேடி எடுத்துத் திருத்தினாள்.

தவறான விடைகளை ஆராய்ந்தவர்கள்

தவறான தெரிவுகளைப் பற்றிய இந்தப் பார்வைக்கு வரலாறு உண்டு. 1992-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹெஸ்டனிஸும் அவருடைய சகாக்களும் விசை பற்றிய ஒரு தெரிவுவிடைத் தேர்வை வெளியிட்டார்கள். அதில் சூத்திரமும் இல்லை, பெரிய கணக்கும் இல்லை. லாரியும் காரும் மோதிக்கொண்டால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும் என்பது போன்ற கேள்விகள். மாணவர்கள் உண்மையிலேயே நம்பிக்கொண்டிருக்கும் அன்றாட எண்ணங்களையே தவறான தெரிவுகளாக வைத்தார்கள்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் அதைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்தார். கடினமான கணக்குகளைப் போடும் பிள்ளைகள் இதை ஊதித் தள்ளிவிடுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தார். அப்படி நடக்கவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவி அவரைக் கேட்டாளாம். சூத்திரம் ஓர் அறையிலும் நம்பிக்கை இன்னோர் அறையிலுமாக ஒரே தலைக்குள் இருக்க முடியும் என்பதை அந்தக் கேள்வி காட்டுகிறது.

அதன்பின் மசூர் வகுப்பு நடத்தும் முறையையே மாற்றினார். கேள்வி ஒன்றைக் கொடுத்துத் தனித்தனியாக விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார். பிறகு வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு வாதாடச் சொல்வார். வீட்டில் அண்ணன், தங்கை, நண்பர் யாராவது இருந்தால் நீங்களும் செய்யலாம். நான் இன்னொன்றும் சொல்வேன்: அம்மாவிடமோ பாட்டியிடமோ தமிழில் விளக்கிப் பாருங்கள். நம் பிள்ளைகள் இயற்பியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். ‘டிசெலரேஷன்’ என்ற சொல்லைப் பொருள் தெரியாமலே பல மாதம் புழங்க முடியும். “பாட்டி, லிஃப்ட் மேல போகுது, ஆனா அதோட வேகத்தை யாரோ கீழ பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு” என்று சொல்ல வேண்டியிருந்தால், புரியாமல் வாயைத் திறக்க முடியாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தெரிவுவிடை வினாவில் தவறான தெரிவுகள் நம் குழப்பங்களைக் கொண்டே செய்யப்பட்டவை. ஆகவே, நாம் கணக்கிட்ட எண் நான்கில் ஒன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. நம் தவறை வினா எழுதியவர் முன்பே எதிர்பார்த்து, அந்த எண்ணையும் அங்கே எழுதி வைத்திருக்கிறார்.

தெரிவுகளை மூடிவிட்டுத் தொடங்குங்கள்

இதிலிருந்து முதல் பழக்கம் பிறக்கிறது. ஒரு துண்டு அட்டையால் நான்கு தெரிவுகளையும் மறைத்துவிட்டு, வினாவை மட்டும் படித்து, அம்புக்குறிகளோடு ஒரு சின்னப் படம் போட்டு, நீங்களாகவே ஒரு விடைக்கு வாருங்கள். பிறகு அட்டையை எடுங்கள். ‘எந்த விசைகள் சமமானவை’ என்பது போல, தெரிவுகளைப் பார்க்காமல் செய்யவே முடியாத வினாக்கள் சில இருக்கும். அவற்றை விட்டுவிடலாம்.

ஏன் இந்தச் சிரமம்? தேக்கா நிலையச் சந்தையில் வழி தெரிந்த ஒருவர் பின்னாலேயே பத்து முறை நடந்து மீன் கடைக்குப் போயிருப்போம். பதினோராவது முறை தனியாகப் போனால் காய்கறிக் கடைகளுக்கு நடுவே திணறி நிற்போம். விடைவிளக்கத்தைப் படித்து “ஆமா, தெரியும்” என்று தலையாட்டுவது, பின்னால் நடப்பது. தானாக யோசித்து எடுப்பது, தனியாக நடப்பது. படித்ததைப் புத்தகம் பார்க்காமல் மனத்திலிருந்து வெளியே இழுத்தெடுக்கும் இந்தப் பயிற்சியை நினைவு மீட்டெடுப்பு என்கிறார்கள்.

2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். மாணவர்கள் ஒரு உரைநடைப் பகுதியைப் படித்தார்கள். ஒரு சாரார் அதையே மறுபடி படித்தார்கள், மறு சாரார் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்குப் பாதிக்கு மேல் நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42 விழுக்காடுதான். இயற்பியல் கணக்கு அல்ல அது. என்றாலும், இரவு விளக்கத்தைப் படித்து எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது, அடுத்த வாரத் தேர்வில் கைவிட்டது என்று புலம்பும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதை அது தெளிவாகச் சொல்கிறது.

தவறுக்கு ஒரு வாக்கியம்

அந்தப் பெண்ணின் புத்தகத்தில் சரியான எழுத்து வட்டமிட்டிருந்தது என்றேன். ‘பி’ என்று வட்டமிடுவதால் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. நான் அவளிடம் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒவ்வொரு தவறுக்கும் ஒரே ஒரு வாக்கியம்: எதை எதுவாக நினைத்தேன்? அவளுடைய முதல் பக்கத்தில் இருந்தவை இவை.

‘மேலே போனால் முடுக்கமும் மேலே என்று நினைத்தேன்.’
‘சென்டிமீட்டரை மீட்டராக மாற்றவில்லை.’
‘கேட்டது தூரம். நான் கண்டுபிடித்தது இடப்பெயர்ச்சி.’
‘இல்லாதது எது என்று கேட்டிருந்தார்கள், இல்லாத என்ற சொல்லைப் பார்க்கவில்லை.’

‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். கவனம் எந்தச் சொல்லில் தவறியது என்று எழுதினால்தான் அடுத்த முறை அந்தச் சொல்லில் கண் நிற்கும்.

கூடவே ஒரு சிறு குறியும் வேண்டும். விடையைத் தேர்ந்தெடுக்கும்போதே, உறுதியாகத் தெரியும் என்றால் ஒரு புள்ளி, ஓரளவு தெரியும் என்றால் அரைவட்டம், குருட்டாம்போக்கு என்றால் கேள்விக்குறி. திருத்தும்போது, கேள்விக்குறி போட்டுச் சரியான விடை வந்திருந்தால் அதையும் தவறாகவே எண்ணிக்கொண்டு திரும்பப் படிக்க வேண்டும். 24 கேள்விகளுக்கு உண்மையாகவே விடை தெரிந்த ஒருவர், மீதி 16-ஐக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியாக நான்கு சரியாகிவிடும். தாளில் 28 என்றிருக்கும். அந்த நான்கும் அடுத்த முறை வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எல்லாவற்றிலும் மோசமானது, புள்ளி போட்டுத் தவறான கேள்வி. அங்கேதான் தவறான நம்பிக்கை வேரோடியிருக்கிறது. முதலில் திறந்து பார்க்க வேண்டியது அதைத்தான்.

தலைப்பு வாரியாகவா, ஆண்டு வாரியாகவா?

வினாத்தொகுப்புகள் இரண்டு வகையாக விற்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் தலைப்பு வாரியானதைத்தான் வாங்குகிறார்கள். தொடக்கத்தில் அது சரி. ஆனால் ‘மின்சுற்று’ என்ற தலைப்பின் கீழ் 30 கேள்விகள் இருந்தால், எந்தச் சூத்திரம் என்று யோசிக்கும் வேலையைத் தலைப்பே செய்துவிடுகிறது. ஓட்டுநர் பயிற்சி வளாகத்துக்குள் அடுத்து என்ன வளைவு என்று தெரிந்துகொண்டே ஓட்டுவது போன்றது அது. சாலையில் அடுத்தது என்ன என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு பாடம் ஓரளவு பிடிபட்டதும், வெவ்வேறு தலைப்புகளிலிருந்து எடுத்துக் கலந்து போட வேண்டும். இதற்கு இடைகலந்த பயிற்சி என்று பெயர். தொடக்கத்தில் மதிப்பெண் இறங்கும், பெற்றோர் பதறக்கூடாது. ‘இது எந்த வகைக் கேள்வி?’ என்று அடையாளம் காணும் திறன் அப்போதுதான் பழகுகிறது, தேர்விலும் அதுதான் தேவை.

சுருக்கமாக: மூடிவைத்து யோசிப்பது, தவறுக்கு வாக்கியம் எழுதுவது, கலந்து போடுவது. நாளுக்கு 15 கேள்விகள் இப்படிப் போட்டால் போதும். 90 தேவையில்லை.

கழித்துக்கட்டுவதும் ஊகிப்பதும்

தெரிவுகளைக் கழித்துக்கட்டுவதைச் சிலர் ஏமாற்று வேலை என்று நினைக்கிறார்கள். சரியாகச் செய்தால் அதுவும் இயற்பியல்தான். 3 ஓம், 6 ஓம் மின்தடைகளை இணையாக இணைத்தால் மொத்தத் தடை என்ன? தெரிவுகள் 2, 4.5, 9, 18. சூத்திரம் மறந்துபோனாலும் யோசிக்கலாம். பேரங்காடியில் இன்னொரு கவுண்டரைத் திறந்தால் வரிசை வேகமாகத்தான் நகரும். மின்னோட்டத்துக்கு இன்னொரு வழி திறந்தால் மொத்தத் தடை குறையும், இருப்பதிலேயே சிறிய 3 ஓமுக்கும் கீழே போகும். மிஞ்சுவது 2 மட்டுமே. 4.5 சராசரி எடுத்தவருக்கு, 9 வெறுமனே கூட்டியவருக்கு, 18 பெருக்கிவிட்டு வகுக்க மறந்தவருக்கு.

ஊகத்தைப் பொறுத்தவரை, எந்தத் தேர்வு என்பதைப் பார்க்க வேண்டும். இங்கே சாதாரண நிலை, மேல்நிலைத் தேர்வுகளில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடவே கூடாது. நீட், ஜேஇஇ மெயின் தேர்வுகளின் தெரிவுவிடை வினாக்களில் சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. குருட்டாம்போக்கில் போட்டால் ஒரு கேள்விக்குச் சராசரியாகக் கால் மதிப்பெண்தான் மிஞ்சும், அதை நம்ப முடியாது. இரண்டு தெரிவுகளை நியாயத்தோடு கழித்துவிட்டால் சராசரி ஒன்றரையாக உயரும். “சந்தேகமிருந்தால் விட்டுவிடு” என்ற அறிவுரையை அப்படியே பின்பற்றுபவர்கள் இந்த ஒன்றரையை இழக்கிறார்கள்.

நேரம், திருத்தம்

சாதாரண நிலை இயற்பியல் முதல் தாளில் ஒரு மணி நேரத்துக்கு 40 கேள்விகள், அதாவது ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். தொடக்கக் கல்லூரி எச்2 நிலை இயற்பியலில் அதே ஒரு மணி நேரத்துக்கு 30. 2025 நீட் தேர்வில் 180 நிமிடங்களுக்கு 180 கேள்விகள், அவற்றில் 45 இயற்பியல். கடிகாரத்தை வைத்துக்கொண்டு பழகுவது கடைசி இரண்டு மாதங்களுக்குப் போதும். புரிதல் வருமுன் கடிகாரத்தை வைத்தால் பிள்ளை அவசரத்தைத்தான் பழகும்.

“முதலில் தோன்றியதே சரி, மாற்றாதே” என்பதும் பரவலான நம்பிக்கை. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் 1,500-க்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து எழுதிய இடங்களை எண்ணிப் பார்த்தார்கள். பாதி மாற்றங்கள் தவறிலிருந்து சரிக்குப் போயிருந்தன. சரியிலிருந்து தவறுக்குப் போனவை கால்வாசிதான். காரணம் தெரிந்தால் தாராளமாக மாற்றலாம். பதற்றத்தில் மாற்றக்கூடாது.

அக்காவின் மகள் சென்ற வாரம் பழைய தாள் ஒன்றை முழுமையாக எழுதினாள். 40-க்கு 31. தவறான ஒன்பதில் ஏழுக்கு நோட்டில் வாக்கியம் எழுதிவிட்டாள். மற்ற இரண்டும் ஒலியலைகளைப் பற்றியவை, எங்கே பிசகியது என்று அவளுக்கே தெரியவில்லை. சனிக்கிழமை காலை அவற்றை எடுத்துக்கொண்டு வருகிறாள்.